தோலைச் செடி தின்னாது: சமையலறைக் கழிவு உரமாவது எப்படி?

ரோஜாவுக்கு வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீர், தக்காளிக்கு முட்டை ஓடு, கறிவேப்பிலைக்கு டீத்தூள், எல்லாச் செடிக்கும் அரிசி கழுவிய தண்ணீர். மாடித்தோட்டம் போடுகிறவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தப் பட்டியல் வந்துவிடும். இதைக் கேட்டுவிட்டு ஆசை ஆசையாகத் தொட்டியில் தோலைப் புதைத்தவர்கள், ஒரே வாரத்தில் எறும்பும் பழ ஈயும் மொய்ப்பதைப் பார்த்து, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று எல்லாவற்றையும் மறுபடி குப்பை வண்டியிலேயே போட்டுவிடுகிறார்கள். தப்பு அவர்கள் மேல் இல்லை. எதை எந்தச் செடிக்குப் போடலாம் என்று ஆளாளுக்குச் சொல்கிறோம். போட்டபின் மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அதைத் தெரிந்துகொண்டால் பட்டியலே வேண்டியதில்லை.

## செடிக்கு வாய் கிடையாது

பசித்தவர் முன்னால் ஒரு நெல் மூட்டையை இறக்கி வைத்தால் பசி தீருமா? நெல்லைக் குத்தி, உலையில் போட்டு, சோறாக்கினால்தான் சாப்பாடு. செடியின் பக்கத்தில் புதைத்த தோலும் அந்த நெல் மூட்டை மாதிரிதான். வேர் எதையும் கடித்துத் தின்னாது. தண்ணீரில் கரைந்திருக்கும் தாது உப்புகளை உறிஞ்சிக்கொள்ளும், அவ்வளவுதான். முருங்கைக்கீரைக் காம்பிலும் பீன்ஸ் நாரிலும் சத்து இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது புரதமாகவும் நாராகவும் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்க ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர்தான் நுண்ணுயிர். கண்ணுக்குத் தெரியாத பாக்டீரியாவையும் பூஞ்சையையும் சேர்த்து அப்படிச் சொல்கிறோம். உறை மோர் ஊற்றிய பாலைத் தயிராக்குவதும், அரைத்து வைத்த இட்லி மாவை விடிவதற்குள் பொங்க வைப்பதும் இந்தக் கூட்டத்தின் உறவினர்கள்தான். இவை செடிக்காக வேலை செய்வதில்லை. தங்கள் பசிக்குத் தோலையும் காம்பையும் தின்கின்றன, பெருகுகின்றன, சாகின்றன. தின்றது போக மிஞ்சியதும், செத்த உடல்கள் கரைந்ததும்தான் செடிக்குக் கிடைக்கும் உணவு.

ஆகவே நாம் கழிவைக் கொடுப்பது செடிக்கு என்று நினைப்பதில்தான் முதல் குழப்பம். கொடுப்பது நுண்ணுயிருக்கு. அவை சாப்பிட்டு முடித்தபின் செடியின் பந்தி.

## அழுகுவது வேறு, மக்குவது வேறு

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதால்தான் பாதிப் பயம் வருகிறது. பாலித்தீன் பையில் கட்டி மறந்துவிட்ட தக்காளி மூன்றாம் நாள் கொழகொழவென்று நாறுகிறதே, அது அழுகல். வேப்பமரத்தடியில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்த சருகைக் கிளறினால் அடியில் கறுப்பாக, உதிரியாக, நாற்றமே இல்லாமல் ஒரு மண் இருக்கும். அது மக்கல்.

இரண்டுக்கும் நடுவே இருக்கும் வேறுபாடு காற்றுதான். விறகடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த விறகை இடைவெளி விட்டு அடுக்கினால் நின்று எரியும். ஈர விறகை அடைத்துத் திணித்தால் கண்ணைக் கரிக்கும் புகைதான் வரும். கழிவும் அப்படியே. ஆக்சிஜன் கிடைக்கும்போது நுண்ணுயிர்கள் கழிவைக் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவும் மட்கு என்கிற அந்தக் கறுப்பு மண்ணாகவும் மாற்றுகின்றன. காற்றுப் புகாமல் ஈரம் தேங்கினால் வேறொரு கூட்டம் தலையெடுக்கும். அது காற்றில்லாமல் பிழைக்கும் கூட்டம். அழுகல் அமிலங்கள், முட்டை நாற்றம் அடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் எல்லாம் அதன் கைவரிசை. சென்னையின் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் மலையாகக் குவிந்த குப்பைக்குள் நடந்தது இதுதான். நம் வீட்டுக் கீரைத் தண்டு அங்கே போய் மீத்தேனாகிறது. நம் மாடியிலேயே இருந்தால் மண்ணாகிறது.

தொட்டியில் புதைத்த தோல் ஏன் கெடுதல் செய்கிறது என்பதும் இப்போது விளங்கும். பன்னிரண்டு அங்குலத் தொட்டியில் தினமும் தண்ணீர் ஊற்றுகிறோம். நனைந்த மண்ணுக்குள் நாலு அங்குல ஆழத்தில் காற்று குறைவு. தோல் மக்காமல் அழுகுகிறது, அழுகல் அமிலம் இளம் வேரைத் தாக்குகிறது. தோல் நல்ல பொருள்தான். புதைத்த இடம் தவறு.

## சோறும் பருப்பும்

நுண்ணுயிருக்கும் சமச்சீர் சாப்பாடு வேண்டும். நமக்குச் சோறு தெம்பு தருகிறது, பருப்பு உடம்பை வளர்க்கிறது. அவற்றுக்குச் சோறு கார்பன், பருப்பு நைட்ரஜன். காய்ந்து பழுப்பான எல்லாவற்றிலும் கார்பன் மிகுதி: சருகு, தென்னை நார்க்கழிவு, கிழித்த செய்தித்தாள், முட்டை அட்டை, மரத்தூள். ஈரமும் பச்சையுமாக இருப்பவற்றில் நைட்ரஜன் கூடுதல்: காய்கறித் தோல், கீரைக் காம்பு, டீ, காபிச் சக்கை, வாடிய பூ.

ஒரு பங்கு நைட்ரஜனுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 பங்கு கார்பன் இருந்தால் வேலை ஓடும். காய்கறிக் கழிவில் இந்த அளவு 15 முதல் 25 வரைதான், காய்ந்த இலையில் 40 முதல் 80 வரை. நார்க்கழிவில் நூற்றுக்கு அருகில், மரத்தூளில் சில நூறு. தனியாக எதுவும் சரிவராது, கலந்தால் சரிவரும்.

இதை வீட்டுக் கணக்காக்கிப் பார்க்கலாம். அரை கிலோ காய்கறிக் கழிவில் பெரும்பகுதி வெறும் தண்ணீர். தண்ணீர் போக மிஞ்சும் திடப்பொருள் 75 கிராம் அளவில்தான் இருக்கும். அதனால் அதைச் சமப்படுத்த 100 கிராம் காய்ந்த சருகே போதும். எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் என்றாலும், சருகு லேசானது என்பதால் பார்வைக்குக் கழிவைவிட இரண்டு மடங்கு தெரியும். தராசெல்லாம் வேண்டாம். ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் நொறுக்கிய சருகு. நார்க்கழிவு என்றால் ஒரு கிண்ணம் போதும்.

பச்சையையும் காய்ந்ததையும் சாணத்தோடு அடுக்கி மக்க வைக்கும் இந்த வழக்கத்தை, ஆல்பர்ட் ஹோவர்ட் என்ற ஆங்கிலேய வேளாண் ஆய்வாளர் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்தபோது ஒழுங்குபடுத்தி எழுதினார். உலகம் அதை இந்தூர் முறை என்கிறது. அதில் நம் விவசாயிகளிடமிருந்து அவர் கற்றுக்கொண்டதும் உண்டு.

சமநிலை தவறினால் எதிர்ப்பக்கமும் உண்டு. மக்காத நார்க்கழிவையோ மரத்தூளையோ நேராகத் தொட்டி மண்ணில் கலந்தால், வெறும் சோறு கிடைத்த நுண்ணுயிர்கள் பருப்பைத் தேடி மண்ணில் இருக்கும் நைட்ரஜனை எடுத்துக்கொள்ளும். செடியின் அடி இலைகள் வெளிறி மஞ்சளாகும். நைட்ரஜன் பிடிப்பு என்று இதற்குப் பெயர். கொஞ்ச காலம் கழித்துத் தானாகச் சரியாகும், அதற்குள் கீரை விளைச்சல் போய்விடும்.

மூன்று பொருள் மனதில் நின்றால் போதும்: காற்று, அளவான ஈரம், பச்சைக்கு ஈடான சருகு.

## ஒரு பெயின்ட் வாளி போதும்

வீட்டுக்கு வெள்ளையடித்தபின் மிஞ்சும் 20 லிட்டர் பெயின்ட் வாளிதான் இதற்கு வாகான பாத்திரம். தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ட் இருந்த வாளியாகப் பார்த்து, ஒட்டியிருப்பதை உரித்து, தேய்த்துக் கழுவி வெயிலில் காய வையுங்கள். தின்னரோ பூச்சிமருந்தோ இருந்த டப்பா எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

அடியில் ஐந்தாறு துளைகள். பக்கச்சுவரில் நாலு விரல் இடைவெளியில் சுற்றிச் சுற்றி இருபத்தைந்து துளைகள். ஒவ்வொன்றும் பென்சில் நுழையும் அளவு. டிரில் இருந்தால் இரண்டு நிமிட வேலை. கம்பியைக் காய்ச்சிக் குத்துவதானால் வெட்டவெளியில் செய்யுங்கள், பிளாஸ்டிக் புகை நுரையீரலுக்கு ஆகாது. வாளியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, கீழே ஒரு பழைய தட்டு. மழையும் உச்சி வெயிலும் நேராகப் படாத இடம் நல்லது.

அடியில் மூன்று விரல் உயரம் சருகு அல்லது பிய்த்த தேங்காய் நார். அதன் மேல் இரண்டு கை பழைய எருவோ தோட்டத்து மண்ணோ. இது பாலுக்கு ஊற்றும் உறை மாதிரி, நுண்ணுயிர்க் கூட்டத்தைக் கூட்டி வரும். எரு கிடைக்காவிட்டால் அரை டம்ளர் புளித்த மோரைத் தண்ணீர் கலந்து தெளிக்கலாம். காசு கொடுத்து எந்தப் பொடியும் வாங்க வேண்டியதில்லை.

பிறகு தினமும் ஒரே வேலைதான். கழிவைக் கட்டைவிரல் அளவுக்கு நறுக்கிப் போடுங்கள். முழு வாழைத்தண்டைப் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நறுக்கினால் நுண்ணுயிர் கடிக்க இடம் கூடுகிறது. போட்டவுடன் இரண்டு பங்கு சருகால் கழிவு கண்ணில் படாதபடி மூடுங்கள். பழ ஈக்கு வழியை அடைப்பது இந்த மூடாக்குத்தான், வாளி மூடி இல்லை. மூடியை லேசாகச் சாய்த்து வைத்தால் போதும். மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு குச்சியால் அடிவரை கிளறி விடுங்கள்.

தினம் அரை கிலோ கழிவு விழும் வீட்டில் ஒரு வாளி நிறைய இருபது நாள் ஆகலாம், உள்ளே போட்டது அமுங்கிக்கொண்டே வரும். எனவே மூன்று வாளிகள் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நிறையும்போது முதலாவது நாற்பது நாள் ஓய்வெடுத்திருக்கும். அதை ஒரு சாக்கில் கொட்டி, கட்டாமல் இன்னும் இரண்டு வாரம் ஆற வைக்க வேண்டும். மார்கழியில் இட்லி மாவு பொங்கத் தாமதிப்பது போல வாளியும் தாமதிக்கும். சித்திரையில் வேகம் பிடிக்கும், ஈரமும் சீக்கிரம் வற்றும்.

வெங்காயச் சருகு, எலுமிச்சைத் தோல், புளிச்சக்கை எல்லாம் போடலாமா என்று கேட்பவர்கள் பலர். அளவோடு, நறுக்கிப் போடலாம். மண்புழு வளர்ப்பவர்கள்தான் எலுமிச்சையைத் தவிர்க்க வேண்டும். மீன், கறி, எலும்பு எலியைக் கூப்பிடும். எண்ணெய்க் குழம்பும் ஊறுகாயும் உப்பையும் எண்ணெயையும் சேர்த்துக் காற்றை அடைக்கும். காகிதக் கோப்பையின் உட்பக்கம் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. மாங்கொட்டையும் கொட்டாங்குச்சியும் இந்த வாளியில் மக்காது. நோய் வந்த செடியையும் போடாதீர்கள். ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள குவியலின் உட்பகுதி 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை சூடேறி விதையையும் நோய்க்கிருமியையும் கொல்லும். 20 லிட்டர் வாளி அவ்வளவு சூட்டைத் தாங்கி வைக்காது. உங்கள் உரத்திலிருந்து தக்காளி நாற்று தானாக முளைப்பது அதனால்தான்.

## மூக்கும் கையும் சொல்லும்

ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்த்தால் ஈரம் சரி. ஒழுகினால் அதிகம், கையைத் திறந்ததும் உதிர்ந்தால் குறைவு.

முட்டை நாற்றம் வந்தால் காற்று இல்லை என்று பொருள். பெரும்பாலும் தர்பூசணித் தோல் மாதிரி நீர்ச்சத்துள்ளது ஒரே நாளில் நிறைய விழுந்திருக்கும். வாளியைக் கவிழ்த்துக் கொட்டி, அதில் பாதியளவு காய்ந்த சருகைக் கலந்து திரும்ப நிரப்புங்கள். இரண்டு நாளில் நாற்றம் அடங்கும். கழிப்பறை வாடை போலச் சுள்ளென்று மூக்கில் ஏறினால் அது அம்மோனியா. பருப்பு அதிகம், சோறு குறைவு. இதற்கும் சருகுதான் மருந்து. எறும்பு புற்று வைத்தால் உள்ளே காய்ந்துவிட்டது, தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை படர்ந்தால் ஒன்றும் செய்யாதீர்கள், அது நாரைத் தின்னும் வேலைக்காரன். பழுப்பு நிறத்தில் தடித்த புழுக்கள் நெளிந்தால் பலர் அருவருத்து வாளியையே தூக்கி எறிகிறார்கள். அது பெரும்பாலும் கருஞ்சிப்பாய் ஈயின் புழு. செடியையும் தொடாது, சோற்றிலும் உட்காராது, கழிவை வேகமாகக் குறைக்கும். சருகைக் கூட்டி ஈரத்தைக் குறைத்தால் தானாக விலகிப் போகும்.

தட்டில் சொட்டும் கறுப்புத் தண்ணீரை அமிர்தமாகச் சொல்கிறவர்கள் உண்டு. பாதி அழுகிய சாறு அது. சொட்டுகிறது என்றாலே ஈரம் அதிகம். ஊற்றியே ஆக வேண்டுமானால் பத்து மடங்கு தண்ணீர் கலந்து பெரிய செடிகளின் அடியில் ஊற்றலாம். நாற்றுக்கும் கீரைக்கும் வேண்டாம்.

## தயாரா என்று எப்படித் தெரியும்?

கோடை மழை விழுந்ததும் எழும் மண்வாசனை தெரியுமல்லவா? அந்த வாசனைக்குக் காரணமான நுண்ணுயிர்கள் மக்கலின் கடைசிக் கட்டத்தில் பெருகுகின்றன. உரத்தை முகர்ந்தால் அந்த மணம் வர வேண்டும். போட்டது எது என்று அடையாளம் தெரியக் கூடாது. சந்தேகமாக இருந்தால் ஒரு பிடியை ஈரத்தோடு கவரில் இறுக்கிக் கட்டி மூன்று நாள் வையுங்கள். திறக்கும்போது நாறினால் இன்னும் வேலை முடியவில்லை. இன்னொரு சோதனை, ஒரு சிறிய தட்டில் உரத்தைப் பரப்பிப் பத்து வெந்தயம் தூவுவது. நான்கைந்து நாளில் எட்டு விதையாவது முளைத்துப் பச்சையாக நின்றால் தைரியமாகப் பயன்படுத்தலாம். முளை கருகினால் இன்னும் இரண்டு வாரம் பொறுங்கள்.

புதுத் தொட்டிக்கு மண், மக்கிய நார்க்கழிவு, உரம் மூன்றும் சம பங்கு. நார்க்கழிவை முதலில் இரண்டு முறை தண்ணீரில் அலசிப் பிழிய வேண்டும், அதில் உப்பு இருக்கும். வளர்ந்த செடிக்கு மாதம் இரண்டு கை, தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளித் தூவி மேல்மண்ணோடு கிளறினால் போதும். இந்த உரத்தில் நைட்ரஜன் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மண்ணைப் பொலபொலப்பாக்குவதுதான் இதன் பெரிய வேலை. தக்காளி, மிளகாய் காய்க்கத் தொடங்கும்போது கடலைப் பிண்ணாக்கு மாதிரி ஒன்று கூட வேண்டியிருக்கும்.

## அந்தப் பட்டியலுக்குத் திரும்புவோம்

முட்டை ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கால்சியம் கார்பனேட். போர் தண்ணீர் பிடித்த வாளியில் வெள்ளையாகப் படிகிறதே, அதிலும் பெரும்பங்கு இதுதான். புளித்த காடியில் கரையும், வெறும் தண்ணீரில் கரையாது. நம் ஊரில் பல இடங்களில் மண்ணும் தண்ணீரும் காரத்தன்மை உள்ளவை. அங்கே கைப்பிடி ஓட்டை நொறுக்கிப் போட்டால் வருடக்கணக்கில் ஓடாகவே கிடக்கும். தக்காளியின் அடிப்பாகம் கறுத்துக் குழிவது கால்சியம் காய்க்குப் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கால்சியம் இருந்தும் ஒரு நாள் வெள்ளம், மூன்று நாள் வறட்சி என்று நீர் ஊற்றினால் போய்ச் சேராது. ஓட்டைத் தேடுவதைவிட்டு தினமும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். ஓட்டை மிக்சியில் மாவாக அரைத்து வாளியில் போடுவதில் தவறில்லை.

வாழைப்பழத் தோலில் பொட்டாசியம் உண்டு, தண்ணீரில் கரையவும் செய்யும். ஆனால் ஒரு தோலில் இருப்பது அரை கிராமைத் தாண்டுவதில்லை. கூடவே கரையும் சர்க்கரைதான் எறும்பை அழைக்கிறது. நறுக்கி வாளியில் போட்டால் அந்தப் பொட்டாசியம் எங்கும் போகாது. ரோஜா பூக்கவில்லை என்றால் முதலில் அதற்கு ஐந்தாறு மணி நேர வெயில் கிடைக்கிறதா என்று பாருங்கள்.

டீச்சக்கை நல்ல பச்சைப் பொருள். பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்தது என்றால் ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். அரிசி கழுவிய தண்ணீரை அன்றே செடிக்கு ஊற்றலாம், அதில் சத்து சொற்பம், ஆனால் தண்ணீர் மிச்சம். உப்புப் போட்டு வடித்த கஞ்சி வேண்டாம்.

## மக்காதவையும் தோட்டத்துக்கு ஆகும்

இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் இரண்டு துளையிட்டு, அடிப்பாகத்தை வெட்டி, தலைகீழாக வேருக்கருகே புதைத்தால் ஊர்ப் பயணம் போகும் இரண்டு மூன்று நாளுக்குச் சொட்டு நீர். மூடிக்குள் சின்னத் துணித்துண்டு வைக்காவிட்டால் மண் புகுந்து துளை அடைத்துக்கொள்ளும். பழைய பருத்திச் சேலையில் இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்த நாடா இன்னும் எளிது. ஒரு முனை தண்ணீர் வாளியில், மறுமுனை தொட்டி மண்ணில் ஒரு சாண் ஆழத்தில். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல நீர் ஏறும். வாளி தொட்டியைவிடக் கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும்.

உடைந்த பானை ஓட்டையும் ஜல்லியையும் தொட்டி அடியில் கெட்டியாகப் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்பது நெடுநாள் நம்பிக்கை. நடப்பது வேறு. மண்துகள்கள் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஜல்லிக்கு மேலேயே சேறு நிற்கும், வேருக்கு இடமும் குறையும். துளை மேல் ஒரே ஓர் ஓட்டுச்சில் கவிழ்த்தால் போதும்.

கொட்டாங்குச்சியில் நாற்று விடுவது அழகான வேலை. மூன்று கண்ணில் மென்மையான கண்ணைக் குத்தித் திறந்துவிட்டால் வடிகால் தயார். திறக்காமல் மாடியில் போட்டுவைத்தால் ஒரு மழை போதும், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதில் முட்டையிடும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள்தான். தொட்டித் தட்டுகளையும் வாளியடித் தட்டையும் வாரம் ஒருமுறை கவிழ்த்தால் மட்டும் போதாது. அந்தக் கொசு தண்ணீர் விளிம்புக்குச் சற்று மேலே பக்கச்சுவரில் முட்டையை ஒட்டிவிடுகிறது. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருந்து, அடுத்த முறை தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே கவிழ்த்த தட்டின் ஓரத்தை ஒரு தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிவிட்டு வையுங்கள்.